மதினிக்கு, ட்ரைஃபிள் விஷயமாக

மதினி,

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு ட்ரைஃபிள், அதுதான் கேக், பழம், ஜெல்லி, கஸ்டர்டு, கிரீம் என்று அடுக்கும் இனிப்பு, நான்தான் செய்கிறேன். 28 பேர். அம்மா இல்லாத முதல் டிசம்பர். மற்ற ஏற்பாடெல்லாம் உங்களுக்குத் தெரியும். போனில் "நீயே செய்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அளவு சொல்லவில்லை. என்றைக்குத்தான் சொன்னீர்கள்? "எல்லாம் கண்ணளவுதான்" என்பீர்கள். அது உங்கள் கண்ணுக்குச் சரி.

அதனால் எல்லாவற்றையும் அளவோடு இங்கே எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் நாலு பேர் பார்க்க எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு.

உங்கள் கண்ணாடிக் கிண்ணம் 4 லிட்டர் கொள்ளும். தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டேன். ஆளுக்கு 150 மில்லி என்று வைத்தால் 28 பேருக்கு 4.2 லிட்டர் வேண்டும், ஆகவே பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். வெறும் ஸ்பாஞ்ச் கேக் 500 கிராம், முந்தின நாள் வாங்கியது. அன்றைக்குச் சுட்டதைப் போட்டால் சாறு பட்டதும் கூழாகிவிடும். ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி இரண்டு மணி நேரம் திறந்து வைத்தால் மேல் கொஞ்சம் காயும், சாற்றைத் தாங்கும். வெள்ளைக்காரர்கள் இதில் ஷெர்ரி ஒயின் விடுவார்கள். நம் வீட்டில் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர்களுக்கு அன்னாசி டின்னின் பாகும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்து 200 மில்லி. ஊற்றக் கூடாது, கரண்டியால் தெளிக்க வேண்டும். அடித் துண்டை விரலால் அமுக்கினால் ஈரம் தெரியணும், தண்ணீர் தேங்கக் கூடாது.

அதன்மேல் 850 கிராம் டின் அன்னாசி. வடிகட்டித் துணியில் ஒற்றி எடுத்தது. டின் அன்னாசி.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கை நின்றுவிடுகிறது. நீங்கள் வீட்டுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ். ராத்திரி ஜெல்லியைக் கலக்கி வைத்துவிட்டு, பழத்தை மட்டும் என்னைப் போடச் சொல்லிவிட்டு, முந்திரிக்கொத்து சுடப் போனீர்கள். காலையில் கோயில் முடிந்து வந்து மூடியைத் தூக்கினால், ஜெல்லி ரசம் மாதிரி ஆடுகிறது. கேக் மிதக்கிறது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தீர்கள். குப்பை வாளியைப் பார்த்தீர்கள். அதில் அன்னாசிக் கொண்டை கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தீர்கள். அத்தனை பேரும் சுற்றி நிற்க, "நான்தான் தண்ணி கூட விட்டுட்டேன் போல" என்றீர்கள்.

அம்மா அதற்குச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

டின்னை உடைக்காமல் சந்தைப் பழத்தை நறுக்கிப் போட்டது நான். எனக்கு 19 வயது. டின்னில் அடைத்தது பழசு, நல்ல பழம் மணக்கும் என்று நினைத்தேன். நல்லது என்று நினைத்துத்தானே செய்தேன்? பச்சை அன்னாசியில் புரோமலின் என்று ஒரு நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் வேலை. ஜெல்லியை உறையவைக்கும் ஜெலட்டின் முழுக்கப் புரதம், அதனால் எத்தனை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உறையாது. பப்பாளியும் கிவியும் அதே ரகம். டின் பழத்தை ஏற்கெனவே சூடாக்கியிருப்பார்கள், நொதி செத்திருக்கும். பச்சைப் பழம்தான் வேண்டுமென்றால் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடலாம். இவ்வளவுதான் விஷயம். நீங்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. என்னை அங்கேயே திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். பழியை நீங்கள் எடுத்துக்கொண்டு என்னை 12 வருஷம் கடன்காரியாக வைத்துவிட்டீர்கள். அது பெருந்தன்மையா, வேறு என்னவா, எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், கோபம் வருகிறது. ஜெல்லிக்கு வருகிறேன்.

இந்த முறை ஜெலட்டின் இல்லை, கடற்பாசி (அகர் அகர்). ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். பாளையங்கோட்டையில் பந்தி நடக்கிற மதிய வெயிலுக்கு அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். கடற்பாசி உருக 85 டிகிரி வேண்டும். 750 மில்லிக்கு 8 கிராம். பத்து நிமிஷம் ஊறவைத்து, ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவைத்து, பிறகுதான் சர்க்கரை, எசன்ஸ், நிறம். இது 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் சட்டென்று இறுகும், அசந்தால் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும். முதலில் நாலு கரண்டி மட்டும் பழத்தின்மேல் பரப்பி, ஐந்து நிமிஷம் உறையவிட வேண்டும். அது மூடிபோல நிற்கும். மீதியை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறுகாமல் வைத்திருந்து மேலே ஊற்றினால் கேக் குடிக்காது. உறைந்த கடற்பாசி வழவழவென்று இருக்கும், அடுத்த அடுக்கு வழுக்கும். முள்கரண்டியால் மேலே லேசாகக் கீறிவிட வேண்டும்.

கடற்பாசி புரதம் இல்லையே, பச்சை அன்னாசி போட்டாலும் உறையுமே என்று யாராவது கேட்பார்கள். உறையும். ஆனால் மேலே வரும் கஸ்டர்டில் பால் இருக்கிறது. புரோமலின் பால் புரதத்தை வெட்டினால் கசக்கும். அன்று ஒரு கரண்டியிலேயே உங்களுக்குப் புரிந்தது அந்தக் கசப்பினால்தானே?

கஸ்டர்டுக்குப் பால் 1 லிட்டர், கஸ்டர்டு பவுடர் தலைதட்டி 6 மேசைக்கரண்டி, சர்க்கரை 100 கிராம். பவுடரைக் குளிர்ந்த பாலில் கரைத்து, மீதிப் பால் கொதிக்கும்போது விட்டுக் கிண்டி, கெட்டியான பிறகும் இரண்டு நிமிஷம் அடுப்பில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் மாவு வாசனை அடிக்கும். பட்டர் பேப்பரை மேலேயே ஒட்டி வைத்தால் ஆடை படியாது. தட்டுப் போட்டு மூடினால் ஆவி வேர்த்து உள்ளே சொட்டும். நன்றாக ஆறினதும் ஊற்ற வேண்டும். ஆறி இறுகினதைத் திரும்பக் கலக்கக் கூடாது, கலக்கினால் நீர் பிரியும்.

பவுடர் கஸ்டர்டு சோம்பேறி வேலை என்று அன்றைக்கு ஒரு சித்தி சொன்னார்கள், நினைவிருக்கிறதா? ஆல்ஃபிரட் பேர்டு என்கிறவர் 1837-ல் பர்மிங்காமில் இதைச் செய்ததே, மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால்தான். அண்ணன் உங்களுக்காக ஒரு தேங்காய் துருவிக் கொடுத்ததுண்டா? சரி, அவனும் இதைப் படிப்பான்.

கஸ்டர்டைப் பற்றி இன்னொன்று. அன்று கஸ்டர்டும்தான் நீர்த்திருந்தது, அது அன்னாசியால் மட்டும் இல்லை. ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப உள்ளே விட்டால், எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். ராத்திரி கெட்டியாக இருந்தது காலையில் மோர்க்குழம்பு பதத்துக்கு வந்துவிடும். ருசி பார்த்தது யார் என்று நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். அவர்கள் இப்போது இல்லை. இனிப்பு சரியாக இருக்கிறதா என்று தலையை ஆட்டிக்கொண்டு ரசித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்த வரியோடு விட்டுவிடுகிறேன்.

கிரீம். கடையில் டெட்ரா பேக்கில் வருகிற ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். கை ஓயும்வரை அடித்தாலும் நிற்காது. 30 சதவீதமாவது இருந்தால்தான் காற்றைப் பிடிக்கும். நம் ஊர் பேக்கரிகளில் அடிப்பது பாலில்லாத விப்பிங் கிரீம், உறைந்த பெட்டியாக வரும். முந்தின ராத்திரி ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி, ஐஸ் துகள் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அடிக்க வேண்டும். 300 மில்லி அடித்தால் மூன்று பங்காகும். அதில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும், மேற்கொண்டு போடவே கூடாது.

24 சாயங்காலம் கேக், பழம், ஜெல்லி. இரண்டு மணி நேரம் கழித்துக் கஸ்டர்டு. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில், மீன், கறி இல்லாத தட்டில். கஸ்டர்டு எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். 25 காலையில் கோயிலிலிருந்து வந்ததும் கிரீம். வறுத்த முந்திரி பந்திக்குப் போகும்போதுதான், இல்லையென்றால் நமுத்துவிடும். மாதுளை போடவில்லை, சாயம் இறங்கி வெள்ளையெல்லாம் சிவந்துவிடும். வாழைப்பழம் கறுக்கும்.

நீங்கள் 11 மணிக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள். கிரீம் அடிக்கும்போது எங்கே நிறுத்துவது என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஒரு சுற்று அதிகமானால் திரிதிரியாகிவிடுகிறது. அதற்கு உங்கள் கண்ணளவு வேண்டும். வெட்டின அன்னாசி டின்னைக் கழுவி அடுப்பு மேடையிலேயே வைத்திருப்பேன்.