சுறாப்புட்டு வேண்டாம், சாளை போதும்

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் செல்விக்கு,

நேற்று போனில் நீ பேசியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். மீனில் இருக்கும் பாதரசத்தைப் பற்றிக் கர்ப்பிணிகளுக்கென்று டாக்டர் கொடுத்த தாளைப் படித்துவிட்டு மீனையே நிறுத்திவிட்டேன் என்கிறாய். இங்கே உன் அம்மாவோ, ஜனவரியில் அங்கே வரும்போது பிள்ளை பெற்ற உடம்புக்குச் சுறாப்புட்டு செய்து போட வேண்டும் என்று இப்போதே பால் சுறாக் கருவாட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். நீ ஒரு கோடி, அவள் மறுகோடி. இருபத்தாறு வருஷம் மீனில் உலோகம் அளந்து சம்பளம் வாங்கியவன் நான். இப்போது பேசாமல் இருந்தால் எப்படி? போனில் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளையில் "லேபில் என்னப்பா செய்றீங்க" என்று கேட்பாய். "மீனைக் கரைக்கிறேன்" என்பேன். வேலையே அதுதான். கணவாய்ச் சதையில் அரை கிராம் எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, மூடிய குப்பியில் சூடாக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மீனும் இருக்காது, வாடையும் இருக்காது. தண்ணீர் மாதிரித் தெளிந்த ஒரு திரவம்தான் மிஞ்சும். அதை மெஷினுக்குள் விட்டால்தான் காட்மியம் என்ற விஷ உலோகம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று தெரியும். கணவாயில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் வரைதான் ஐரோப்பாவில் ஏற்பார்கள். ஒருமுறை ஏற்றுமதிக்குப் போன எங்கள் கன்டெய்னர் ஒன்று அந்த அளவைத் தாண்டித் திரும்பி வந்தது. விசாரித்ததில், சுத்தம் செய்யும்போது ஈரல் உடைந்து சதையில் ஊறியிருக்கிறது. காட்மியம் அதிகம் சேருவது அந்த ஈரலில்தான். அப்புறம் பல நாள் வெட்டும் மேசைப் பக்கத்திலேயே நின்றேன். தலையைப் பிடித்து ஒரே இழுப்பில் அந்தப் பழுப்புப் பையை உடையாமல் வெளியே கொண்டுவருவார்கள் அந்தப் பெண்கள். அவர்கள் விரலில் இருந்த பக்குவம் எங்கள் மெஷினில் இல்லை.

நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளை விரலால் வழித்து வழித்துச் சாப்பிடுவாயே, அதுவும் அதேபோல ஈரல் மாதிரியான உறுப்புதான். கடல் நண்டில் காட்மியம் அங்கேதான் கூடும். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் பத்து, இருபது வருஷம் தங்கிவிடும். சதையைச் சாப்பிடு, மஞ்சளைத் தள்ளிவிடு. கணவாயும் குடல் எடுத்துச் சுத்தம் செய்ததாகப் பார்த்து வாங்கு.

ஒன்று என் மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது. கப்பலேறும் மீனுக்கு அத்தனை சோதனை வைத்தோம். நம் வீட்டுக்கு நானே வாங்கி வந்த மீனை எப்படிப் பார்த்தேன்? செவுளைத் தூக்கிச் சிவப்பா என்று பார்த்தேன். கண் தெளிவா, அமுக்கினால் சதை குழியாமல் எழும்புகிறதா என்று பார்த்தேன். இதெல்லாம் மீன் எத்தனை நாள் பழசு என்பதைச் சொல்லும். பாதரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. துள்ளத் துள்ளப் பிடித்த சுறாவிலும் அது இருக்கும், மணத்தில் தெரியாது, ருசியில் தெரியாது. மஞ்சள் போட்டு அவித்தாலும் புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது, ஏனென்றால் அது சதையின் புரதத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிலக்கரி எரிகிற இடத்திலிருந்தும், பாதரசம் வைத்துத் தங்கம் பிரிக்கிற இடங்களிலிருந்தும் அது காற்றில் ஏறி மழையோடு கடலுக்கு வருகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மீன் உடம்பில் தங்கிவிடுகிற மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. பாசியிலிருந்து சாளைக்கு, சாளையிலிருந்து சீலாவுக்கு, கடைசியில் சுறாவுக்கு என்று ஒவ்வொரு வாயிலும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் மீன் பெரிசாகவும் வயசாகவும் ஆக ஆகப் பாதரசமும் அதிகம்.

சும்மா வாயால் சொன்னால் நீ கேட்கமாட்டாய், கணக்குப் போட்டே காட்டுகிறேன். மீத்தைல் பாதரசத்துக்கு உலக அளவில் நிபுணர் குழு 2003-இல் வகுத்த வரம்பு, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்துப் போட்ட வரம்பு அது. உன் எடை 60 கிலோ என்றால் வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவுகளில் சுறாவின் சராசரி கிலோவுக்கு 0.979 மில்லிகிராம். அதாவது 100 கிராம் சுறாவில் ஏறக்குறைய 98 மைக்ரோகிராம், அதைச் சாப்பிட்டாலே அந்த வாரக் கணக்கு முடிந்தது. சாளை இனத்துக்குச் சராசரி கிலோவுக்கு 0.013 மில்லிகிராம்தான். அதே 96 மைக்ரோகிராம் வர ஏழு கிலோவுக்கு மேல் சாளை தின்ன வேண்டும். இத்தனை வித்தியாசம் இருக்கும்போது, மீன் என்ற ஒரே பேரை வைத்து இரண்டையும் ஒதுக்குவது சரியில்லை, பிள்ளை.

"செல்வி பிறந்தப்போ நானும்தான் தின்னேன், அவ நல்லா வளரலையா" என்கிறாள் உன் அம்மா. நீ நன்றாகத்தான் வளர்ந்தாய், அதற்குக் கடவுளுக்கு நன்றி. பால் சுறா சின்னது, பெரிய சுறா அளவுக்கு அதில் இருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் கருவாடாக்கினால் தண்ணீர் வற்றி, அதே எடையில் உலோகம் கூடிவிடுகிறது. துண்டு போட்டுக் காயவைத்த பிறகு எந்தச் சுறா என்று யார் கண்டார்கள்?

உன் தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பாட்டி உன் இடுப்பில் கட்டினாளே, அது பீரோவில் இன்னும் இருக்கிறது. ஜப்பானியர்களும் பிள்ளையின் கொடியைக் காயவைத்துப் பெட்டியில் வைத்திருப்பார்கள். மினமாட்டா என்ற ஊரில் ஒரு ரசாயன ஆலை வளைகுடாவில் பாதரசம் கலந்த கழிவை விட்டது. மீனைத் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று செத்தன. 1956-இல்தான் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது, 1968 வரை கழிவு நிற்கவில்லை. தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, பேச்சு வராது. வருஷங்கள் கழித்து அந்தத் தாய்மார் பத்திரமாக வைத்திருந்த கொடிகளைச் சோதித்தபோது அதற்குள் பாதரசம் இருந்தது. ஆசையாக எடுத்து வைத்த பொருள் அப்படிச் சாட்சி சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அவர்கள் தின்றது விஷம் கொட்டிய வளைகுடாவின் மீன், உன் தட்டுக்கு வருவது அது இல்லை. ஆனால் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டும், பிள்ளையின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே சேரும். அதனால் எந்த மீன் என்று பார்த்துத் தின்ன வேண்டும்.

அந்தத் தாளிலேயே வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை மீன் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள், திரும்பப் படித்துப் பார். பிள்ளையின் மூளைக்கு மீன் கொழுப்பு வேண்டும். சாளை, நெத்திலி, இறால், சாலமன், திலாப்பியா எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். இந்தியக் கடையில் கிங்ஃபிஷ் என்று விற்பது நம் சீலா, சென்னைக்காரர்களின் வஞ்சிரம். உன் தாளில் உள்ள கிங் மேக்கரெல் அதே இனம் இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம். இருந்தாலும் இதுவும் மீனைத் தின்று வளர்கிற பெரிய மீன், பால் கொடுக்கும் காலம் முடியும்வரை விட்டுவிடு. பால் வழியாகப் போகும் பாதரசம் குறைவுதான், ஆனாலும் பால் கொடுக்கும் தாய்க்கும் அதே பட்டியல்தான். போன மாதம் சாப்பிட்ட சூரையை நினைத்து அழாதே. உடம்பு ஐம்பது நாளுக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் பாதரசத்தில் ஏறக்குறைய பாதியைக் கழித்துவிடும்.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் நேற்று ராத்திரி சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப பால் எப்படி ஊறும்" என்று மட்டும் கேட்டாள். பூண்டும் முருங்கைக்கீரையும் இருக்கிறதே என்றேன். காலையில் அவளே சந்தைக்குப் போய் இரண்டு கிலோ சாளை வாங்கி வந்தாள். அவித்து, முள் எடுத்து, சின்ன வெங்காயம் போட்டுப் புட்டு செய்து பார்க்கிறாளாம். இதை எழுதும்போதும் திண்ணையில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அங்கே டின்னில் வரும் சாளையில் முள் எவ்வளவு இருக்கும் என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள். ஒரு டின்னைத் திறந்து படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா