மாறிகளைச் சேர்ப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பன்மாறிப் புள்ளியியல் வகுப்புகள் தொடங்கிவிட்டதையும், தாயின் கல்வி பிள்ளையின் பள்ளி மதிப்பெண்ணை எந்த அளவுக்கு உயர்த்துகிறது என்பதை ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டிருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். குடும்ப வருமானம், வீட்டிலுள்ள புத்தகங்கள், பள்ளியின் வகை, உடன்பிறந்தோர் எண்ணிக்கை, பிள்ளை தினமும் படிக்கும் நேரம் என்று கணக்கெடுப்பில் கிடைக்கும் மாறிகள் அனைத்தையும் ரிக்ரஷனில், அதாவது ஒரு விளைவைப் பல மாறிகளால் விளக்கும் சமன்பாட்டில், சேர்த்துவிடப் போவதாகவும், அப்படிச் செய்தால் மற்றவை எல்லாம் கட்டுப்பட்டு, அதாவது எல்லாருக்கும் சமமாக இருப்பதுபோல் ஆகி, தாயின் கல்வியின் உண்மையான விளைவு மட்டும் தனியே நிற்கும் என்றும் எழுதியிருக்கிறாய். புள்ளியியலைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவள் என்ற முறையில், அந்த ஒரு வரிக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீ பட்டியலிட்டவற்றில் பெரும்பாலானவை தாயின் கல்விக்குப் பின்னால் வருபவை. படித்த தாய்க்கு நல்ல வேலை கிடைக்கிறது. அதனால் வருமானம் உயர்கிறது. வீட்டுக்குப் புத்தகங்கள் வருகின்றன. பிள்ளை வேறு வகைப் பள்ளியில் சேர்கிறது. உட்கார்ந்து படிக்கும் பழக்கமும் உண்டாகிறது. கல்வியின் பயன் மதிப்பெண்ணைச் சென்றடையும் வழிகளே இவை. இவற்றையெல்லாம் சமன்பாட்டில் நிறுத்திவிட்டுக் கல்வியின் கெழுவை, அதாவது அதன் விளைவின் அளவாகச் சமன்பாடு தரும் எண்ணை, பார்த்தால், அந்த வழிகள் அனைத்தையும் அடைத்த பிறகு மிஞ்சுவது எதுவோ அதுதான் தெரியும். அது பூச்சியத்துக்கு அருகில் இருந்தால், தாயின் கல்வியால் பயனில்லை என்று எழுதிவிடுவாய். நீ உண்மையில் கட்டுப்படுத்த வேண்டியவை தாயின் கல்விக்கு முன்பே நிகழ்ந்தவை: அவள் பிறந்த குடும்பத்தின் வசதி, அவளுடைய பெற்றோரின் கல்வி, அவள் வளர்ந்த இடத்தில் பள்ளி இருந்ததா இல்லையா என்பவை. அவைதான் அவளுடைய படிப்பையும் அவள் பிள்ளையின் மதிப்பெண்ணையும் ஒருசேர அசைக்கக்கூடியவை.

எது முன், எது பின் என்பதைக் கணினி சொல்லாது. இரண்டிரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவு அணியில் ஒவ்வோர் எண்ணும் இரு திசைக்கும் பொதுவானது. எத்தனை மாறிகளைச் சேர்த்தாலும், எத்தனை பேரிடம் தரவு திரட்டினாலும், காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும் அம்பு எந்தப் பக்கம் போகிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்காது. அதை நீதான் உன் துறை அறிவிலிருந்து கொண்டுவர வேண்டும்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973ஆம் ஆண்டு நடந்த முதுநிலைச் சேர்க்கை பற்றி உன் வகுப்பிலும் சொல்வார்கள். விண்ணப்பித்த 8,442 ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும், 4,321 பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பாகுபாடு வெளிப்படை என்று தோன்றும். ஆனால் துறைவாரியாகப் பிரித்தபோது படம் மாறியது. பெரிய துறைகளில் ஒன்றில் விண்ணப்பித்த 825 ஆண்களில் 62 விழுக்காட்டினர் தேர்வாக, 108 பெண்களில் 82 விழுக்காட்டினர் தேர்வாகியிருந்தார்கள். மிகக் கடினமான இன்னொரு துறையில் ஆண்களில் 6 விழுக்காடும் பெண்களில் 7 விழுக்காடும் மட்டுமே தேர்வு. ஆனால் அங்கே விண்ணப்பித்த பெண்கள் 341 பேர். இடம் கிடைப்பது அரிதான துறைகளைப் பெண்கள் அதிகம் நாடியதால்தான் மொத்தக் கணக்கில் அவர்களுடைய விழுக்காடு சரிந்தது என்று புள்ளியியலாளர் பிக்கலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1975இல் எழுதினார்கள்.

பெரும்பாலான வகுப்புகள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, எப்போதும் பிரித்துப் பார் என்று சொல்லிவிடுகின்றன. எனக்கு அது போதாது. துறையைத் தேர்ந்தெடுப்பது பாலினத்துக்குப் பின்னால் வரும் ஒரு நிகழ்வு. சேர்க்கைக் குழு ஒரே துறைக்கு விண்ணப்பித்த ஆணையும் பெண்ணையும் வேறுவேறாக நடத்தியதா என்பது கேள்வியானால், துறையைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். பெண்ணாகப் பிறந்ததால் ஒருவர் உயர்கல்வியை எட்டும் வாய்ப்பு மொத்தத்தில் எவ்வளவு குறைகிறது என்பது கேள்வியானால், எந்தப் பெண் எந்தத் துறைக்குப் போகலாம் என்று சிறுவயது முதலே சமூகம் அவளைத் திருப்பிவிட்டதும் விடையின் ஒரு பகுதி. அப்போது துறையைக் கட்டுப்படுத்தினால் விடையின் பாதியை நீயே வெட்டி எறிந்தவளாவாய். தரவு ஒன்றே, அட்டவணை ஒன்றே. எதைக் கேட்கிறாய் என்பதை வைத்துத்தான் சரியான பகுப்பாய்வு எது என்பது முடிவாகிறது.

இடைவழியில் வரும் மாறிகளைவிட இன்னும் ஆபத்தான வகை ஒன்று உண்டு. நீ ஆராயும் இரண்டுக்கும் பொதுவான விளைவாக அமையும் மாறியைத்தான் சொல்கிறேன். இதை நான் சொல்லி நீ நம்ப வேண்டாம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் நீயே செய்து பார். பத்தாயிரம் பேருக்கு, ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாதபடி, சராசரி 0, திட்ட விலக்கம் 1 கொண்ட இரு இயல்நிலை மாறிகளை உருவாக்கு. ஒன்றைத் திறமை என்றும் மற்றொன்றைச் செல்வாக்கு என்றும் வைத்துக்கொள். இரண்டையும் கூட்டி, அதே அளவு சமவாய்ப்புப் பிழையும் சேர்த்து, பதவி என்ற மூன்றாவது மாறியை உண்டாக்கு. செல்வாக்கை விளைவாகவும் திறமையை மட்டும் விளக்கும் மாறியாகவும் வைத்து ரிக்ரஷன் ஓட்டினால் கெழு பூச்சியத்தை ஒட்டி வரும். அதுதான் உண்மை, ஏனென்றால் அப்படித்தான் நீ படைத்தாய். இப்போது பதவியையும் சேர்த்து ஓட்டு. திறமையின் கெழு ஏறத்தாழ –0.5 ஆகிவிடும், ஏனென்றால் ஒரே பதவியில் இருப்பவர்களில் திறமை குறைந்தவர் செல்வாக்கால் ஏறியவராக இருப்பார். மதிப்பீட்டின் தடுமாற்றத்தைக் காட்டும் நம்பக இடைவெளி மிகக் குறுகலாக இருக்கும், தற்செயலா என்று சோதிக்கும் பி-மதிப்பைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதோடு, விளைவின் மாறுபாட்டில் எவ்வளவு பங்கைச் சமன்பாடு விளக்குகிறது என்று சொல்லும் ஆர்-வர்க்கம், பூச்சியமாக இருந்தது, 0.5க்கு அருகில் போய் நிற்கும். சமன்பாடு தரவோடு நன்றாகப் பொருந்தப் பொருந்த, நீ கேட்ட காரணக் கேள்விக்கான விடை கெட்டுப்போவதை ஒரே திரையில் காண்பாய்.

கணக்கெடுப்புத் தரவில் இந்தக் கோளாறு சமன்பாட்டுக்கு வெளியிலேயே ஒளிந்திருக்கும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை மட்டும் எடுத்து இரு நோய்களுக்கிடையே தொடர்பு தேடினால், இல்லாத தொடர்பும் தென்படும் என்று மருத்துவப் புள்ளியியலாளர் பெர்க்சன் 1946இல் காட்டினார். கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும், வேலையில் இருப்பவர்களை மட்டும், உன் வினாத்தாளுக்குப் பதில் அனுப்பியவர்களை மட்டும் வைத்து ஆராயும்போது, அந்த 'மட்டும்' என்ற நிபந்தனையே ஒரு மாறியைக் கட்டுப்படுத்தியதற்குச் சமம். ஆகையால் உன் ஆய்வுக்குள் வந்தவர்கள் எப்படித் தேர்வானார்கள் என்பதையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் போட்டு, அதற்குள் எந்த அம்புகள் வந்து சேர்கின்றன என்று பார்.

வரைபடம் என்று நான் சொல்வது, கணினியியலாளர் ஜூடியா பெர்ல் 1990களில் ஒழுங்குபடுத்திக் கொடுத்த அம்புப் படங்களை. பாதைகளை வரைந்து சிந்திக்கும் வழக்கம் மரபியலாளர் சூவல் ரைட் காலத்திலிருந்தே, 1921 முதலே, இருக்கிறது. எந்த மாறியைக் கட்டுப்படுத்தினால் எந்தப் பாதை அடைபடும், எது திறக்கும் என்பதற்குத் தெளிவான விதிகளைத் தந்தது பெர்லின் பங்களிப்பு. இதற்கு இணையாகப் புள்ளியியலாளர்கள் நேமன் 1923இல் தொடங்கி, ரூபின் 1974இல் விரித்த இன்னொரு வழி இருக்கிறது: ஒவ்வொருவருக்கும் சிகிச்சை பெற்றால் ஒரு விளைவு, பெறாவிட்டால் ஒரு விளைவு என இரண்டு உண்டு, அவற்றில் ஒன்றைத்தான் நாம் எப்போதும் பார்க்க முடியும் என்று தொடங்குவது. இந்த இரண்டு சிந்தனை வழிகளில் எதைச் சேர்வது என்று சண்டையிடுபவர்களை நீ சந்திப்பாய், இரண்டையும் கற்றுக்கொள். படம், எதை அனுமானிக்கிறாய் என்பதை வெளிப்படையாக்கும். நேமன், ரூபின் வழி, யாருடைய சராசரியை மதிப்பிடுகிறாய் என்பதைத் துல்லியமாக்கும்.

சோதனை இல்லாத வெறும் கணக்கெடுப்புத் தரவில் மாறிகளைக் கட்டுப்படுத்திச் சரிக்கட்டுவது எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்குப் பொருளியலாளர் லாலொண்டு 1986இல் செய்த சோதனையைக் கட்டாயம் படி. அமெரிக்காவில் ஒரு வேலைப்பயிற்சித் திட்டத்துக்கு ஆட்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்ததால், பயிற்சியின் உண்மையான பயன் தெரிந்திருந்தது. அவர் குலுக்கலில் பயிற்சி கிடைக்காதவர்களை நீக்கிவிட்டு, அவர்களுக்குப் பதிலாகப் பொதுக் கணக்கெடுப்புகளிலிருந்து எடுத்தவர்களை ஒப்பீட்டுக்கு வைத்து, அன்றைய பொருளாதார அளவியல் முறைகளால் சரிக்கட்டிப் பார்த்தார். விடைகள் முறைக்கு முறை அலைபாய்ந்தன. பல விடைகள் சோதனை சொன்ன உண்மைக்கு வெகுதொலைவில் இருந்தன.

இதனால்தான் இயற்கையோ அரசோ தானே குலுக்கிப் போட்ட இடங்களைத் தேடுவதில் அடுத்த தலைமுறை இறங்கியது. வியட்நாம் போர்க்காலத்தில் பிறந்தநாளைக் குலுக்கி இளைஞர்களைப் படைக்கு அழைத்ததைப் பயன்படுத்தி, படைச்சேவை பிற்கால வருமானத்தை எப்படிப் பாதித்தது என்று பொருளியலாளர் ஆங்ரிஸ்ட் 1990இல் கணக்கிட்டார். 1992இல் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, அண்டையிலுள்ள பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு, துரித உணவகங்களில் வேலைவாய்ப்பு குறையவில்லை என்று கார்டும் க்ரூகரும் காட்டினார்கள். கார்டு, ஆங்ரிஸ்ட், இதே துறையின் இம்பென்ஸ் ஆகிய மூவருக்கும் 2021இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. உன் கேள்விக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கலாம்: கட்டாயக் கல்வியின் வயது வரம்பு மாறிய ஆண்டு, புதிய பள்ளி திறக்கப்பட்ட காலம் போன்றவை தாயின் படிப்பை மாற்றியிருக்கும், பிள்ளையின் மதிப்பெண்ணை நேரடியாகத் தொட்டிருக்காது. அந்த 'நேரடியாகத் தொட்டிருக்காது' என்பதைத் தரவால் முழுமையாக நிரூபிக்க முடியாது; வாதாடித்தான் நிறுவ வேண்டும்.

பன்மாறி முறைகளில், பல மாறிகளை ஒருசில எண்களாகச் சுருக்கும் காரணிப் பகுப்பாய்வும் முதன்மைக் கூறு பகுப்பாய்வும் உனக்கு நிச்சயம் தேவைப்படும், ஏனென்றால் குடும்ப வசதியை ஒரே கேள்வியால் அளக்க முடியாது. ஆனால் பல பொருட்களின் உடைமையிலிருந்து எடுத்த முதல் கூறு, மாறுபாட்டை அதிகம் சுமக்கும் ஒரு கூட்டுத்தொகை மட்டுமே. அதற்கு வசதிக் குறியீடு என்று பெயர் வைத்ததாலேயே அது எதற்கும் காரணமாகிவிடாது. மோசமாக அளந்த வசதியைக் கட்டுப்படுத்தினால் வசதியின் ஒரு பங்குதான் கட்டுப்படும். மீதி தாயின் கல்விக் கெழுவுக்குள் கசியும். மற்ற நுணுக்கங்களைப் பாடநூலே சொல்லும்.

அளக்காத மாறி ஏதேனும் மிஞ்சியிருக்குமே என்று யாராவது கேட்டால் சோர்ந்துவிடாதே. புகைப்பிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் ஏதோ மரபணு ஒன்று சேர்த்து உண்டாக்கலாமே என்று புள்ளியியலாளர் ஃபிஷர் போன்ற மேதையே வாதிட்டார். கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் 1959இல் தந்த பதில் அழகானது: புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், அதை முழுக்க விளக்கக்கூடிய மறைவான காரணி புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு மலிந்திருக்க வேண்டும், அப்படி ஒன்றை எடுத்துக்காட்டுங்கள் என்றார்கள். நீயும் உன் முடிவைக் கவிழ்க்க மறைவான மாறி எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணையும் ஆய்வறிக்கையில் எழுது.

ரிக்ரஷன் அட்டவணைகளை இப்போது அனுப்பாதே. முதலில் ஒரு தாளில் மாறிகளையும் அம்புகளையும் வரைந்து அனுப்பு. எந்த இரண்டு புள்ளிகளுக்கிடையே அம்பு போடவில்லையோ, அங்கே ஏன் போடவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுது. போட்ட அம்பைவிடப் போடாத அம்புதான் பெரிய அனுமானம். நான் முதலில் படிக்கப்போவது அந்த வரிகளைத்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அம்மா