காட்டுக்குப் போனீங்களான்னு கேளு

கண்ணு,

தீர்த்தஹள்ளி பக்கம் டூட்டின்னு நீ சொன்னதுலேர்ந்து மனசுல ஒரே விஷயம்தான் ஓடுது, போன் பண்ணா ஓபி இருக்கும்மான்னு வெச்சிடுறே, அதான் எழுதுறேன். உண்ணி கடிச்சு வர்ற அந்தக் குரங்குக் காய்ச்சல் முதமுதல்ல தெரிஞ்சதே உங்க ஷிமோகா மாவட்டத்துலதான், 1957-ல, கியாசனூர் காட்டுல குரங்குங்க செத்துச் செத்து விழுந்தப்போ. அங்க கன்னடத்துல மங்கன காயிலேன்னு சொல்லுவாங்க.

2015-ல வயநாட்டுல அது பரவினப்போ நான் இங்க வார்டுல இருந்தேன்ல, அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தார். திடீர்னு காய்ச்சல், நெத்தியப் பொளக்குற தலைவலி, கண்ணு ரெண்டும் செவசெவன்னு, தொட்டாலே உடம்பு வலின்னு கத்துறார். ப்ளேட்லெட் கம்மி, டெங்குன்னு எழுதிட்டாங்க. காட்டுக்குப் போனீங்களான்னு மூணு நாளா ஒருத்தரும் கேக்கல, நானும்தான் கேக்கல. பெட்ஷீட் மாத்துறப்போ அவர் சம்சாரம் தானா சொன்னாங்க, விறகு பொறுக்கப் போன இடத்துல குரங்கு செத்துக் கிடந்துச்சுன்னு. அவர் பொழைச்சிட்டார், ஆனா அந்த மூணு நாள் எனக்கு இன்னும் உறுத்துது.

ஈறுல, மூக்குல ரத்தம் வரட்டும்னு காத்திருக்காதே, நிறைய பேருக்கு வரவே வராது. டார்ச் அடிச்சு அண்ணத்தைப் பாரு, சின்னச் சின்ன கொப்புளம் இருக்கலாம். நாடியப் பிடி, காய்ச்சலுக்கு ஏத்த வேகம் இருக்காது. பாக்குத்தோட்டத்துக்கும் மாட்டுக்கொட்டாய்க்கும் காட்டுல சருகு அள்ளினாங்களான்னு கேளு, கடிச்சது தெரியலன்னுதான் சொல்லுவாங்க, அந்த உண்ணிக்குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். முதல் வாரத்துலயே ரத்தம் எடுத்து பிசிஆருக்கு அனுப்பிடு. வலி தாங்கலன்னு கெஞ்சினாலும் டைக்ளோ ஊசி, ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

காய்ச்சல் விட்டுச்சுன்னு அனுப்பினா, ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வரலாம்னு வீட்டாள்கிட்ட சொல்லியே அனுப்பு, பத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு அப்படி வரும், அப்போ கை நடுங்கும், பேச்சு குழறும், பயந்து போயிடுவாங்க. ஆளுக்கு ஆள் ஒட்டாதுன்னும் சொல்லு, பாவம், பக்கத்துல உக்காரவே பயப்படுறாங்க.

டிசம்பர்லேர்ந்து மே வரைக்கும் காட்டோரம் கேம்ப் போனா பேண்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோ, தரையில உக்காராதே, வந்ததும் வெந்நீர்ல குளிச்சிட்டு முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாரு. பாத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு, எவ்வளவு நேரமானாலும் முழிச்சிருப்பேன்.

அம்மா