தடுப்புக் கதவு வைக்க முடியாத ரயில்: மலை ரயில் பாதுகாப்பு பற்றி ஒரு திறந்த மடல்

நீலகிரி மலை ரயிலின் பயணிகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் நடைமேடை விளிம்பு முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்று, அதன் கதவும் தடுப்பின் கதவும் நேருக்கு நேர் திறந்த பிறகுதான் யாரும் கால் வைக்க முடியும். 2017 மே மாதம் திருமங்கலம்–நேரு பூங்கா இடையே சுரங்கச் சேவை தொடங்கியபோதே இந்த ஏற்பாடு இருந்தது. மேட்டுப்பாளையம்–உதகை வண்டிக்கும் இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது ஒத்துவராது. பழைய பெட்டிகளில் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமும் தனித்தனிக் கதவு. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் பலர் இறங்குவது ஜல்லியில். 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் தடத்தில் கண்ணாடிச் சுவர் எழுப்ப யாரும் விடமாட்டார்கள். ஆக, அங்கே கதவு பார்க்கும் வேலையை இங்கே ஆள், விசில், கயிறு மூன்றும்தான் பார்த்தாக வேண்டும். அதை எப்படிச் செய்யலாம் என்பதே இந்த மடல்.

முதலில், சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்று. கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளப் பகுதி; எஞ்சினின் பல்சக்கரம் தடத்தின் நடுவிலுள்ள பல் சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். அங்கே எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளுகிறது. அதனால் ஏறும் வண்டிக்கு முன்னால் தடத்தில் யார் நிற்கிறார்கள் என்பது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் (பெட்டியின் பிரேக்கை இயக்கும் ஊழியர்) பார்த்து, கொடி காட்டி, அது பெட்டி பெட்டியாகப் பின்னால் போய்ச் சேர வேண்டும். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். வினாடிக்கு அது 3.6 மீட்டர். செய்தி எஞ்சினை எட்ட மூன்று வினாடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே வண்டி 11 மீட்டர் நகர்ந்திருக்கும். வளைவிலும் சுரங்க வாயிலிலும் பல நேரம் அவ்வளவு தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. மூடுபனி இறங்கிவிட்டால் கொடியால் பயனே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பகலிலும் பிரேக்ஸ்மேன் ஒவ்வொருவருக்கும் கைவிளக்கும் விசிலும் கட்டாயமாக்குங்கள்.

அடுத்து, விழுந்தால் என்ன ஆகும் என்பது. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) தடத்தின் நடுவே இரண்டு பல் சட்டங்கள் ஜோடியாக, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வருமாறு, தண்டவாளத்தைவிட உயரமாக ஓடுகின்றன. சாதாரணத் தடத்தைக் கடப்பவர் இரண்டு இரும்பைத் தாண்டினால் போதும், இங்கே மூன்று. நடு இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். செருப்புக் கால் வழுக்கி விழுந்தால் முழங்காலோ முகமோ இரும்புப் பல்லில்தான் போய் மோதும்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற தண்ணீர் நிறுத்தங்கள். வண்டி நின்றதும் பாதிப் பேர் இறங்கிவிடுகிறார்கள். சிலர் எஞ்சினோடு படம் எடுக்க, சிலர் மறுபக்கக் கதவு வழியாகப் பள்ளத்தாக்கைப் பார்க்க. விசில் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடிவருவார்கள். அப்போதுதான் கால் இடறுகிறது, நகரும் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியும் வருகிறது.

எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பது இன்னொரு ஆபத்து. கிளம்பும்போது சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றக் குழாய்களைத் திறப்பார்கள். கொதிக்கும் நீரும் நீராவியும் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். குழந்தையைத் தூக்கி எஞ்சின் சக்கரத்தருகே நிறுத்திப் படம் எடுக்கிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

நாங்கள் கேட்பது இது. வண்டி நின்றதும் நடைமேடைப் பக்கக் கதவை மட்டும் பிரேக்ஸ்மேன் திறக்கட்டும். மறுபக்கத்துக்கு வெளியிலிருந்து தாழ். எஞ்சினிலிருந்து 2 மீட்டர் தள்ளி இரும்புக் கம்பிகளில் மஞ்சள் கயிறு கட்டுங்கள். படம் எடுப்பவர்கள் அதற்கு வெளியே. கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது நீண்ட விசில் ஒன்று, இரண்டு நிமிடம் இருக்கும்போது இரண்டு. அதன் பிறகு யாரும் இறங்கக் கூடாது. ஒவ்வொரு பிரேக்ஸ்மேனும் தன் பெட்டியின் இரு பக்கமும் அடியிலும் குனிந்து பார்த்த பிறகே பச்சைக் கொடி தூக்கட்டும். எல்லாக் கொடியும் தெரிந்தால்தான் கார்டு (வண்டிப் பொறுப்பாளர்) அனுமதி தர வேண்டும். தாமதமானால் ஆகட்டும், இந்த வண்டியில் அவசரமாகப் போகிறவர் யாருமில்லை.

குன்னூருக்குத் தனிக் கவனம் தேவை. இங்கே எஞ்சின் மாற்றுகிறார்கள். உதகைக்குக் கிளம்பும் வண்டி சற்றுத் தூரம் பின்வாங்கித்தான் மேலே ஏறும். வண்டி போய்விட்டது என்று நினைத்துத் தடத்தில் இறங்குபவர் மேல் அதே வண்டி திரும்பி வரும். ஷண்டிங் (எஞ்சினையும் பெட்டிகளையும் முன்னும் பின்னும் நகர்த்தி மாற்றுவது) நடக்கும் நேரம் முழுக்க ஒரு ஆள் அங்கே நிற்கட்டும். தமிழ், மலையாளம், கன்னடம், இந்தி, ஆங்கிலத்தில் "வண்டி பின்னால் வரும்" என்று அறிவிப்பு ஓடட்டும்.

நடைமேடை விளிம்பின் மஞ்சள் கோடு பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் பெயின்ட் மழையில் கல்லைவிட மோசமாக வழுக்கும். பெயின்டில் மணல் கலந்து அடியுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை பாசியைச் சுரண்டுங்கள். தாழ்ந்த நடைமேடைகளில் பெட்டிக்கு இரண்டு மரப்படிகள் போதும்: அகலம் இரண்டடி, மேலே ரப்பர், தூக்கி வைக்கக் கைப்பிடி. வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, இறங்கும்போது.

அரவங்காடு, கேத்தி, லவ்டேல் பக்கம் தடத்தையே நடைபாதையாக்கிக்கொண்ட எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறித் தடத்தில் நுழைவது குற்றம். ஆனால் பலகை வைத்துவிட்டு விட்டுவிட்டால் யாரும் வழி மாறமாட்டார்கள். சுற்றிப் போகிற பாதையைச் சீர்செய்து கொடுத்தால்தான் மாறுவார்கள். யாராவது தடத்தில் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். சிவப்புத் துணி எதையாவது வீசிக் காட்டுங்கள், பிரேக்ஸ்மேனைக் கூப்பிடுங்கள், 139-ஐ அழையுங்கள்.

கயிறு, விசில், மரப்படி எதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஏப்ரலில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் வரத் தொடங்கும் முன் ரன்னிமேட்டில் மட்டுமாவது ஒரு மாதம் நடத்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
மலை ரயிலில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்களும் பயணிகளும்,
குன்னூர், நீலகிரி.