தடைக்காலமும் தவணைத் தேதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் வங்கி ஏல விளம்பரங்களை வரி விடாமல் படிப்பவன் நான். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், பழக்கம் போகவில்லை. பாம்பன், தங்கச்சிமடம் என்று எங்கள் பக்கத்து முகவரி ஏதாவது அதில் வந்தால், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் யாராவது பேப்பரை மடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "சார், வீடு ஜப்திக்கு வந்திருச்சு, என்ன செய்யலாம்?" அந்தக் கட்டத்தில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நான்கைந்து மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நிறைய இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் வீட்டுக் கடன் ஏன் கெடுகிறது என்பதற்குக் காலண்டரைப் பார்த்தாலே போதும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மீன் பெருக வேண்டும், தடையைக் குறை சொல்லவில்லை. ஆனால் 15 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கியவருக்கு மாதத் தவணை ஏறக்குறைய 14,500 ரூபாய். தடைக்கால நிவாரணமாக அரசு தரும் 8,000 ரூபாய் ஒரு தவணைக்கே காணாது. மே, ஜூன் இரண்டு தவணையும் நின்றுவிடும். ஜூலையில் கடலுக்குப் போய் ஒரு தவணை கட்டினால் அது மே மாதப் பாக்கிக்குப் போகும். அடுத்தது ஜூன் கணக்குக்கு. இப்படி இரண்டு மாதப் பாக்கி கூடவே வந்துகொண்டிருக்கும். கட்டுகிறவரோ எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். நவம்பரில் புயல் சின்னம், கடலுக்குப் போக மீன்துறை தரும் அனுமதி டோக்கன் கிடைக்கவில்லை, அல்லது படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்றால் முடிந்தது. பாக்கி 90 நாளைத் தாண்டியதும் கணக்கு வாராக்கடன்.

வாராக்கடன் ஆன பிறகு ஒரு தவணை, இரண்டு தவணை கட்டினால் கணக்கு பழைய நிலைக்கு வராது. மொத்தப் பாக்கியையும் கட்டினால்தான் வரும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து ஒரு தவணை கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அடுத்து வருவது, கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமான வீட்டை எடுத்து விற்க வங்கிக்கு வழி கொடுக்கும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ்.

அந்த நோட்டீஸின் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம். என் அனுபவத்தில் மிக அதிகமாக வீணாகும் காலம் இதுதான். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் நோட்டீஸ் செல்லாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். செல்லும். வாங்கிப் படியுங்கள். கணக்கில் தவறு இருந்தால், கட்டிய பணம் வரவு வைக்கப்படாமல் இருந்தால், தவணைக் காலத்தை நீட்டித்தால் கட்ட முடியும் என்று தோன்றினால், அதை எழுத்தில் கொடுங்கள். கடன் கொடுத்தவர் 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: அசலும் வட்டியும் சேர்ந்த கடனில் 20 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இன்னும் கட்ட வேண்டும் என்றால் இந்தச் சட்டத்தின் கீழ் வீட்டை எடுக்கவே முடியாது. பதினைந்து வருடம் கட்டியவர்கள் இதைச் சரிபார்க்காமல் பயந்து கிடக்கிறார்கள்.

இனி கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால், வீட்டை நாமே விற்பதுதான் நல்லது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, கேட்பவர்களும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்க்காரர் யாரும் பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டை ஏலத்தில் கேட்க வரமாட்டார். வெளியூர்ப் புரோக்கர்கள்தான் வருவார்கள். ஒரு தடவை ஏலம் போகாவிட்டால் குறைந்தபட்ச விலையை இறக்கி மறுபடியும் விடுவார்கள். நோட்டீஸ் வந்த பிறகு விற்க வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வாங்குபவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனால் பெரும்பாலான மேலாளர்கள் சம்மதிக்கவே செய்வார்கள், அவர்களுக்கும் தலைவலி குறைகிறது. ஏலம் விட்டுக் கடனும் செலவும் போக மீந்தால் அந்தப் பணம் வீட்டுக்காரருக்குத்தான் வர வேண்டும். கேட்டு வாங்க வேண்டும். குறைந்தால், சாவியைக் கொடுத்துவிட்டோமே என்று கை கழுவ முடியாது, மீதிக்கும் தொடர்ந்து வருவார்கள். ஒரே தவணையில் கணக்கை முடிக்கும் சமரசமும் உண்டு. அதை உரிமையாகக் கேட்க முடியாது, பேசித்தான் வாங்க வேண்டும்.

ஒரு கடன் கோப்பு பற்றிச் சொல்கிறேன். கணவர் இறந்த ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு பெண் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் வீட்டுக் காகிதங்களைக் கொண்டுவந்தார். நோட்டீஸ், ரேஷன் கார்டு நகல், மின்கட்டண ரசீது எல்லாம் கலந்து கிடந்தன. நடுவில் மடிப்புக் கலையாமல் ஒரு இன்சூரன்ஸ் பாலிசி. கடன் கொடுத்தபோதே அதன் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அந்த பாலிசி கட்டும். கணவரோடு அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தார், ஆனால் அது என்ன காகிதம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வசூலுக்கு வந்தவர்களும் சொல்லவில்லை. ஆகவே வீட்டில் யாராவது இறந்திருந்தால் முதலில் கடன் ஒப்பந்தத்தில் பிரீமியம் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். கடலில் காணாமல் போனவர்களின் குடும்பம் படும் பாடு வேறு. உடல் கிடைக்காவிட்டால் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்க ஏழு வருடம் ஆகிறது, தவணையோ மாதாமாதம் வருகிறது.

60 நாள் போய், வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது என்று வாசலில் சுவாதீன அறிவிப்பை ஒட்டிவிட்டால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்களுக்கு அது மதுரை. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். அதனால் எல்லோரும் திங்கள்கிழமை ராமநாதபுரத்தில் கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போகிறார்கள். கலெக்டர் இந்த ஏலத்தை நிறுத்த முடியாது. சட்டப்படி வீட்டைக் கைப்பற்றிக் கொடுக்கச் சொல்லி வங்கி மனுப் போடுவதே அவரிடம்தான். மனு கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு காத்திருக்கையில் 45 நாள் ஓடிவிடுகிறது. உள்ளூர் சிவில் கோர்ட்டில் 'ஸ்டே' வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை, இந்த விவகாரங்களில் சிவில் கோர்ட் தலையிடச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. பெரும்பாலான வீட்டுக் கடனில் மனைவியும் கடன்தாரர்தான், அவர் பெயரில் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

கடைசி வாய்ப்பு, முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்பது. முன்பெல்லாம் ஏலம் முடிந்து கிரயம் ஆகிற வரைக்கும் அது நடக்கும். சர்ஃபேசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை முடிகிறது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் பத்திரிகையை மடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வாய் வருவதில்லை.

இதெல்லாம் வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது. கடன் கொடுப்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பயிர்க் கடனை வாராக்கடன் ஆக்க 90 நாள் கணக்குக் கிடையாது. குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் வரை பொறுக்கிறார்கள். வயலுக்குப் பருவம் இருப்பது ரிசர்வ் வங்கிக்குத் தெரிகிறது, கடலுக்குப் பருவம் இருப்பது தெரியாதா? தடைக்கால இரண்டு தவணையை மீதிப் பத்து மாதத்தில் பிரித்துப் போட ஒப்பந்தத்திலேயே இடம் வைத்தால் வங்கிக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. மாவட்டத்தில் வங்கியாளர்களும் கலெக்டரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறார்கள். அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னால் நடக்கும் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் இப்போதே எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் நிருபரையும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாம்பன்