உப்பும் ஒரு கடிகாரமும்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள முருகேசா,

என் இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பகலில் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது, இரவில்தான் தகராறு. சென்ற மாதம் கையில் பட்டை கட்டி 24 மணி நேரமும் அளந்தார்கள். அது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் நம் கணக்கு வாத்தியாரின் பிடி நினைவுக்கு வந்தது. தூக்கத்தில் 10 முதல் 20 விழுக்காடு இறங்க வேண்டிய அழுத்தம் எனக்கு இறங்கவே இல்லை.

பஸ் டிப்போவில் 14 ஆண்டுகளாக இரவு வேலை. மூன்று மணிக்கு மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ், அதன் தலையில் இன்னும் கொஞ்சம் உப்புக் கரிக்கும் சோயா சாஸ். இங்கே சராசரியாக ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 9 கிராம் உப்புத் தின்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழ். அளவு மட்டும்தான் குற்றம் என்றிருந்தேன். உயிரியல் படிக்கும் மகள், நேரமும் ஒரு குற்றவாளி என்கிறாள்.

சிறுநீரகம் ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் ஒன்றரைக் கிலோ உப்பு! ஏறக்குறைய 99 விழுக்காட்டை மீட்டுக்கொள்கிறது. எப்போது எவ்வளவு மீட்பது என்பதில் உடலின் இரவு பகல் தாளத்தை நடத்தும் பெர்1, பிமால்1 என்ற கடிகார மரபணுக்களுக்கும் பங்கு உண்டு. பகலில் உப்பு கூடுதலாக வெளியேறும், இரவில் குறையும். பழ ஈயில் இந்தக் கடிகாரத்தைத் துப்பறிந்த மூவருக்குத்தான் 2017இல் நோபல் பரிசு.

"அதே குழம்பைத்தானே நானும் சாப்பிடுகிறேன், எனக்கு மட்டும் ஏன் அழுத்தம் ஏறவில்லை?" என்றாள் என் வீட்டுக்காரி கமலா. அதற்கும் மகளிடம் பதில் இருந்தது. பெர்1 நீக்கிய ஆண் சுண்டெலிகளுக்கு உப்பை அதிகமாக்கி, உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனையும் ஏற்றினால், ஓய்வு நேரத்திலும் அழுத்தம் சரியாக இறங்குவதில்லை. பெண் எலிகள் தப்பித்துவிடுகின்றன. (எலிக்கு ஓய்வு பகலில். அதுவும் என்னைப் போல இரவு வேலைக்காரன்தான்.)

கமலா இரண்டு நாள் பெருமையோடு உலவினாள். எலிக்குப் பொருந்துவது மனிதருக்கு அப்படியே பொருந்தாது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உப்பால் அழுத்தம் ஏறுவது கூடும் என்று மகள் மூன்றாம் நாள் சொன்னாள். ஊறுகாய்க் கரண்டி பாதி வழியில் நின்றது.

பகல் வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு வருகிறாய் அல்லவா? இந்த முறை நாகப்பட்டினத்துக் கருவாடு வேண்டாம். கொண்டுவந்தே தீருவாய் என்றால், கொஞ்சமாக, மகள் கண்ணில் படாமல் கொடு.

அன்புடன்,
சுப்பு