ஊருணிக் கரைக்குக் கோரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதமும் படமும் கிடைத்தன. தேவிபட்டினம் பக்கத்து ஊருணியில் கரை சரியாமல் இருக்கக் கோரை நடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக நடலாம். ஆனால் படத்தில் இருப்பது கோரை இல்லை, சம்பு. தட்டை இலையும் பழுப்புநிற உருளைக் கதிரும் அதற்குத்தான். அதை வளரவிட்டால் நாளடைவில் ஊருணியே மூடிப்போகும்.

உனக்கு வேண்டியது பாய்க்கோரை. தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார். மூன்று பட்டை தட்டும். நறுக்கினால் உள்ளே பொந்து இருக்காது, வெள்ளைச் சோறுதான். புல்லைப் போலக் கணுவும் கிடையாது. இடுப்பளவு வளரும், இலை பேருக்குத்தான், அடியில் உறையாக ஒட்டியிருக்கும். வயலில் முளைக்கும் கோரைக்கிழங்கு வேறு. முழங்காலைத் தாண்டாது, தோண்டினால் மெல்லிய வேரில் கறுத்த கிழங்குகள் சரமாக வரும், முகர்ந்தால் வாசம் அடிக்கும். அதில் ஒன்று மண்ணோடு நெல்வயலுக்குப் போனால்கூட சம்சாரிகள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள்.

நம் கடலோரத்தில் உப்புதான் பெரிய சிக்கல். உமரி என்ற உப்புநிலச் செடி படர்ந்த இடத்தையும், கோடையில் மண் வெள்ளையாகப் பூக்கும் இடத்தையும் விட்டுவிடு. மழைத்தண்ணீர் வந்து நிற்கும் பக்கமே சரி. வரத்துக்காலின் வாயில் மட்டும் நடாதே, தண்ணீரை அடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் தண்ணீர் மளமளவென்று ஏறிக் குருத்தை மூழ்கடித்துவிடும். தையில் தண்ணீர் வடியத் தொடங்கும்போது, ஈரம் விட்டுப்போகாத விளிம்பில் நடு. இரண்டு மூன்று குருத்தோடு ஒரு சாண் பாய்க்கோரைக் கிழங்குவேரை வெட்டியெடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிடு. முழங்கால் உயரத்துக்கு மேலே உள்ள தண்டை வெட்டிவிட்டால் வாடாது. ஆனால் வெட்டிய முனை தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். வேருக்குக் காற்று அந்தத் தண்டு வழியாகத்தான் இறங்குகிறது, முனை மூழ்கினால் வேர் அழுகும். அடிக்கு ஒன்றாக, இரண்டங்குல ஆழம் போதும். ஆடு மாடு வாய்வைக்காமல் முதல் கோடைவரை முள் அடைத்து வை. சீமைக்கருவேல முள்ளுக்கா நம் ஊரில் பஞ்சம்!

நம் பக்கத்துப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்ததிலிருந்து எல்லோரும் மரத்துக் கூடுகளை அண்ணாந்து பார்க்கிறார்கள். கரையோரக் கோரையைக் கேட்க நீ ஒருத்தனாவது இருக்கிறாயே.

தோண்டுவதற்கு முன் தண்டைக் குறுக்கே நறுக்கி ஒரு படம் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை